கடைசி நூறு கஜம்!
கட்டுமரம் கரை சேரும் கதை

நடுக்கடல் என்றால் நமக்குப் பயம். கரை என்றால் நிம்மதி. ஒருவன் "கரை சேர்ந்துவிட்டான்" என்று சொன்னால், அவனுடைய கஷ்டமெல்லாம் தீர்ந்தது என்று அர்த்தம்.

கட்டுமரத்தில் ஏறிக் கடலுக்குப் போகும் மீனவரின் கணக்கு வேறு! ஆழ்கடலில் அவர் நிம்மதியாக உட்கார்ந்து தூண்டில் போடுவார். வெற்றிலைகூடப் போட்டுக்கொள்வார். கரை கண்ணுக்குத் தெரிந்து, குப்பத்துக் குடிசைகள் தெரிந்து, மணலில் நிற்கும் மனைவி மக்களின் முகமும் தெரிகிற நேரத்தில்தான் அவர் உடம்பு நிமிர்கிறது. கண் கூர்மையாகிறது. கை துடுப்பை இறுகப் பிடிக்கிறது.

ஏன்? இனிமேல்தான் அபாயம்! அலை உடைகிற அந்தக் கடைசி நூறு கஜம் இருக்கிறதே, அதுதான் கடல் தொழிலின் பரீட்சை மண்டபம்.

மணலில் நிற்பவர்கள்

சோழமண்டலக் கரையில் ஏதாவது ஒரு மீனவர் குப்பத்துக்கு விடிவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். இருட்டு இன்னும் விலகியிருக்காது. நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று மெல்ல வீசும். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. கடல் அவ்வளவு சீக்கிரம் குளிர்வதில்லை. அதனால் பின்னிரவில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. பகலில் நிலம் சூடேறியதும் காற்று திரும்பிக் கடலிலிருந்து கரைக்கு வருகிறது. போகும்போது தரைக்காற்று தள்ளிவிடும். திரும்பும்போது கடற்காற்று கூட்டிவரும். காசு கேட்காத கூலிக்காரன்! அந்தக் காலத்தில் மீனவர் வேலை நேரத்தை வகுத்தது கடிகாரம் அல்ல, இந்தக் காற்றுதான்.

மரத்தைத் தண்ணீர் ஓரத்துக்குக் கொண்டுவந்த பிறகும் அவர்கள் உடனே புறப்படுவதில்லை. சும்மா நிற்கிறார்கள். ஒன்றும் பேசுவதில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் நிற்கிறார்கள்.

பயமா? சோம்பலா? இரண்டும் இல்லை. அவர்கள் படிக்கிறார்கள்! நாம் காலையில் பத்திரிகை படிப்பதுபோல், அவர்கள் அலையைப் படிக்கிறார்கள்.

ஆணி இல்லாத ஓடம்

கட்டுமரம் என்பது என்ன? பெயரிலேயே விடை இருக்கிறது. கட்டிய மரம்! மூன்று முதல் ஏழு வரை மரக்கட்டைகளைச் சீராகச் செதுக்கி, பக்கம் பக்கமாக வைத்து, முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை கொடுத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். ஆணி கிடையாது. பலகை கிடையாது. அடிப்பாகம் என்று தனியாக எதுவும் கிடையாது. மீனவர்கள் இதைக் கட்டுமரம் என்றுகூட நீட்டிச் சொல்வதில்லை. வெறும் "மரம்" என்பார்கள்.

தேக்கு போன்ற கனமான மரம் இதற்கு உதவாது. மிதப்பதற்கு லேசான மரம் வேண்டும். அல்பீசியா, மலைவேம்பு, கல்யாண முருங்கை போன்றவற்றைத் தேடிப் பிடிப்பார்கள். தமிழ்நாட்டுக் கரைக்கு வேண்டிய மரத்தில் பெரும்பகுதி கேரளத்திலிருந்து வந்தது.

"பத்துக் கட்டையைச் சேர்த்துக் கட்டினால் யாரும் செய்துவிடலாமே, இதில் என்ன அதிசயம்?" என்று நீங்கள் கேட்கலாம். அதிசயம் இருக்கிறது!

சாதாரணப் படகு ஒரு பாத்திரம் மாதிரி. அலை அதற்குள் பாய்ந்தால் தண்ணீர் நிரம்பும். நிரம்பினால் முழுகும். கட்டுமரத்தில் நிரம்புவதற்கு இடமே இல்லை. மேலே விழுகிற தண்ணீர் கட்டைகளின் இடுக்கு வழியாகக் கீழே போய்விடும். அலை எவ்வளவு கொட்டினாலும் மரம் மிதந்துகொண்டே இருக்கும். கவிழ்ந்தால்? மறுபடி புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம்.

இன்னொரு விசேஷம். இறுக்கிக் கட்டினாலும் கயிற்றுக் கட்டு கொஞ்சம் அசைந்து கொடுக்கும். பெரிய அலை மோதும்போது ஆணி அடித்த படகு "படீர்" என்று அதிர்கிறது. கட்டுமரம் கொஞ்சம் நெளிகிறது. நெளிகிறவனை உடைப்பது கஷ்டம்!

கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்ப்பார்கள். ஒவ்வொரு கட்டையாகத் தூக்கிக்கொண்டு போய் மணல் மேட்டில் வெயிலில் போடுவார்கள். உப்புத் தண்ணீர் குடித்துக் கனத்த மரம் உலர்ந்தால்தான் அடுத்த நாள் நன்றாக மிதக்கும். துறைமுகம் வேண்டாம், நங்கூரம் வேண்டாம். நாலு பேர் தோள் போதும்.

அலை ஏன் உடைகிறது?

அலையைப் படிப்பதென்றால் எதைப் படிப்பது? அதற்கு அலையின் சுபாவத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நடுக்கடலில் அலை ஓடுகிறதே தவிர, தண்ணீர் ஓடுவதில்லை! அங்கே ஒரு தேங்காயைப் போட்டால், அலை வரும்போது மேலே எழும், போனதும் கீழே இறங்கும். ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். நெல் வயலில் காற்று அடிக்கும்போது அலை ஓடுவதுபோல் தெரிகிறது. நெற்பயிர் நின்ற இடத்தில்தானே நிற்கிறது! அதைப் போலத்தான் இதுவும். ஆகவே ஆழ்கடலில் அலை எவ்வளவு உயரமாக இருந்தாலும், உடையாத வரைக்கும் மரம் அதன்மேல் ஊஞ்சல் ஆடும். அவ்வளவுதான்.

கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைகிறது. அலையின் அடிப்பாகத்துக்குத் தரை தட்டுகிறது, வேகம் குறைகிறது. மேல்பாகமோ பழைய வேகத்தில் வருகிறது. கால் தடுக்கியவன் முன்னால் விழுவதுபோல், அலையின் தலை முன்னால் சாய்ந்து விழுகிறது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. மூன்றடி உயரமுள்ள அலை, சுமார் நாலடி ஆழத்துக்கு வந்ததும் உடைந்துவிடும். உடைந்தபின் அது ஊஞ்சல் அல்ல. ஓடுகிற தண்ணீர்! பல டன் எடையுள்ள தண்ணீர்!

கடலுக்கு அடியில் மணல் மேடு இருந்தால், அலை அங்கே ஒரு தடவை உடையும். மீண்டும் எழுந்து கரையோரத்தில் இன்னொரு தடவை உடையும். அதாவது மீனவர் தாண்டவேண்டிய வாசல் ஒன்றல்ல. சில நாட்களில் இரண்டு.

ஆனால் கடல் ஒரு சலுகையும் தந்திருக்கிறது. எல்லா அலையும் ஒரே உயரத்தில் வருவதில்லை. வெவ்வேறு நீளமுள்ள அலை வரிசைகள் கடலில் கலந்து வருகின்றன. அவை ஒன்றோடொன்று கூடும்போது பெரிய அலைகள் சில சேர்ந்தாற்போல் வருகின்றன. ஒன்றை ஒன்று குறைக்கும்போது சிறிய அலைகள் வருகின்றன. பெரியவர்கள் ஊர்வலம் போனபின் தெரு சற்று ஓய்ந்திருக்குமே, அதுபோல ஓர் இடைவெளி. மணலில் நின்றவர்கள் காத்திருந்தது இந்த இடைவெளிக்குத்தான்!

புறப்பாடு

இடைவெளி வந்தது. ஒரே ஒரு குரல். உடனே எல்லோரும் மரத்தைத் தள்ளுகிறார்கள். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் தாவி ஏறுகிறார்கள். சிலர் மண்டியிட்டு, சிலர் நின்று துடுப்புப் போடுகிறார்கள். தென்கோடியில் சில ஊர்களில் பிளந்த மூங்கிலே துடுப்பு.

இப்போது தயக்கம் கூடாது. காத்திருந்தது எவ்வளவு நேரமானாலும் சரி, புறப்பட்டபின் நிற்கக்கூடாது. மரத்தின் முகம் அலைக்கு நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினாலும் அலை அதை உருட்டிவிடும். எதிரே ஓர் அலை எழுந்துவிட்டால், அது உடைவதற்குள் அதன் முதுகில் ஏறிவிட வேண்டும். ஏறினால் அந்தப் பக்கம். ஏறாவிட்டால் மீண்டும் கரை!

வெளியே போனதும் பாய் விரிக்கிறார்கள். பாய்க்கு முக்கோண வடிவம். வாடை, தென்றல், கொண்டல், கச்சான் என்று நாலு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்து, அதனதன் குணத்தையும் தெரிந்து வைத்திருப்பவர்கள் அவர்கள்.

கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டைப் "பார்" என்பார்கள். மீன் கூடும் இடம் அது. கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கரையில் உள்ள ஒரு கோபுரமும் அதற்குப் பின்னால் தூரத்து மலையும் ஒரே கோட்டில் வரவேண்டும். இன்னொரு பக்கத்தில் பனந்தோப்பும் கலங்கரை விளக்கமும் ஒரே கோட்டில் வரவேண்டும். இரண்டு கோடும் சந்திக்கிற இடம்தான் பார்! பள்ளிக்கூடத்தில் ஜியாமிதி படிக்காதவர் போட்ட கணக்கு இது.

சங்கரா, வஞ்சிரம், வவ்வால், கவலை, நெத்திலி என்று பருவத்துக்குத் தகுந்தபடி மீன் கிடைக்கும். ஒன்றும் கிடைக்காத நாளும் உண்டு. எது கிடைத்தாலும், கிடைக்காவிட்டாலும், திரும்பி வரும் வழி ஒன்றுதான்.

திரும்பும் நேரம்

போகும்போது அலை எதிரே வருகிறது, கண்ணால் பார்க்கலாம். திரும்பும்போது அலை முதுகுக்குப் பின்னால் வருகிறது! அதனால்தான் வருவது போவதைவிடக் கஷ்டம்.

அலை உடைகிற இடத்துக்கு வெளியே மரத்தை நிறுத்துகிறார்கள். பாயை இறக்குகிறார்கள். மீனையும் வலையையும் மரத்தோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். மரம் கவிழ்ந்தாலும் அன்றைய உழைப்பு கடலோடு போகக்கூடாதல்லவா?

பிறகு? மறுபடியும் காத்திருக்கிறார்கள்! உச்சி வெயில் சுடுகிறது. நள்ளிரவிலிருந்து உழைத்த உடம்பு கெஞ்சுகிறது. கரையில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. மீன் வாங்க வந்த வியாபாரி அவசரப்படுகிறார். நூறு கஜத்தில் வீடு. ஆனாலும் மூத்தவர் துடுப்பைத் தொடமாட்டார். திரும்பித் திரும்பிக் கடலையே பார்ப்பார். பெரிய அலைகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும்வரை மரம் ஆடிக்கொண்டே நிற்கும்.

கடைசிப் பெரிய அலை கடந்ததும் அதன் முதுகைத் துரத்திக்கொண்டு துடுப்புப் போடுகிறார்கள். பின்னால் இருப்பவர் துடுப்பையே சுக்கானாக்கி மரத்தை நேராக வைத்துக்கொள்கிறார். அடுத்த அலை வந்து பிடித்துவிட்டால் மரம் அம்புபோல் பாயும். அப்போது முன்பாகம் தண்ணீருக்குள் குத்தக்கூடாது. பக்கவாட்டில் திரும்பவும் கூடாது. திரும்பினால் மனிதர் ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம்.

அப்படி விழுந்தவர்களைத் தண்ணீர் கொல்வது அபூர்வம். அவர்களுக்கு நீச்சல் தண்ணீர் குடிப்பது மாதிரி. அவர்களை அடிப்பது சொந்த மரம்தான்! அலை தூக்கி எறிகிற கட்டைக்கு மனிதன் தலை எம்மாத்திரம்? ஆகவே பையன்களுக்கு முதலில் கற்றுக் கொடுக்கும் பாடம் இது: விழுந்தால் மரத்துக்கும் கரைக்கும் நடுவில் நிற்காதே; மரத்துக்குக் கடல் பக்கமாகப் போய்விடு!

மரம் மணலைத் தொட்டதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அடுத்த அலை வருவதற்குள் அதை மேலே இழுத்துவிட வேண்டும். கரையில் நிற்பவர் யாராக இருந்தாலும் ஓடிவந்து கை கொடுப்பார்கள். நேற்றுச் சண்டை போட்டவர்கூட! அந்த நேரத்தில் பகை பார்ப்பதில்லை.

துறைமுகம் இல்லாத பட்டணம்

இந்தச் சாமர்த்தியத்தை நம்பித்தான் சென்னைப் பட்டணமே வளர்ந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

வெள்ளைக்காரர்கள் 1639-ஆம் ஆண்டு இங்கே இடம் பிடித்தார்கள். துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதோ 1875-ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கப்பல்கள் கரைக்கு வரமுடியாமல் தூரத்திலேயே நின்றன. கவர்னரானாலும் சரி, காசுப் பெட்டியானாலும் சரி, அலையைத் தாண்டித்தான் கரைக்கு வரவேண்டும். கப்பலோடு வந்த படகுகள் இந்த அலையில் செல்லாது. பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில்தான் ஆட்களையும் சரக்குகளையும் இறக்கினார்கள்.

அந்தப் படகுகளுக்குப் பக்கத்தில் கட்டுமரங்கள் காவலாகப் போயின. படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களைத் தூக்கிவிடுவது கட்டுமரக்காரர் வேலை. உயிர் காத்தவர்களுக்குப் பதக்கங்கள் கொடுக்கப்பட்டன. படகே போகமுடியாத நாட்களில் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனவர்களும் அவர்கள்தான். கடிதம் நனையாமல் இருக்கத் தலையில் வைத்த தொப்பிக்குள் செருகிக் கொண்டார்கள்!

பெயர் போன தூரம்

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி, 1697-ஆம் ஆண்டு வெளியான தம் பிரயாண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். தமிழ்ச் சொல் இங்கிலீஷில் "காட்டமரான்" ஆயிற்று.

பிறகு நடந்தது வேடிக்கை! 1876-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹெரஷாஃப் என்ற படகு நிபுணர் இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகு ஒன்றைக் கட்டிப் பந்தயத்தில் ஓட்டினார். அந்த மாதிரிப் படகுகளுக்கும் "காட்டமரான்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்று உலகமெங்கும் கோடீசுவரர்கள் உல்லாசமாக ஏறிப் போகும் இரட்டைப் படகுக்கு அந்தப் பெயர்தான். அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை! பெயரைக் கொடுத்தவர் மட்டும் இங்கே மணலில் நின்று அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுனாமி சொன்ன பாடம்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதியை நம் கரையோர மக்கள் மறக்கமுடியுமா? அன்று காலையில் ஆழ்கடலில் இருந்த மீனவர்கள் பலருக்கு ஒன்றுமே தெரியவில்லை. சுனாமி அவர்களுடைய காலடியில்தான் கடந்து போயிற்று. ஆழத்தில் அது சிறிய ஏற்றமாகவே இருந்தது. கரைக்கு அருகில் வந்தபிறகுதான் சுவராக எழுந்தது. கடலுக்குப் போனவர்கள் பிழைத்துத் திரும்பி வந்தார்கள். கரையில் விட்டு வந்த குடும்பத்தைக் காணவில்லை! கடலின் அபாயம் எங்கே இருக்கிறது என்பதை இதைவிடக் கொடுமையாகச் சொல்ல முடியாது.

அந்த நாளில் ஆயிரக்கணக்கான மரங்களும் படகுகளும் போயின. நிவாரணமாகப் பெரும்பாலும் கொடுக்கப்பட்டவை ஃபைபர் படகுகள். அதற்கு முன்பே ஃபைபர் படகு வரத் தொடங்கியிருந்தது. சுனாமிக்குப் பிறகு கரை முழுவதும் அதுவாகிவிட்டது. நல்ல மரம் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. இன்று கட்டுமரத்தைப் பார்க்க வேண்டுமானால் தேடிப் போகவேண்டும்.

இதில் வருத்தப்பட மட்டும் நமக்கு உரிமை கிடையாது. எஞ்சின் உள்ள படகில் தூரம் போகலாம், அதிக மீன் கொண்டு வரலாம், முதுகு ஒடியத் துடுப்புப் போட வேண்டாம். நாள் முழுவதும் பாதி உடம்பு உப்புத் தண்ணீரில் கிடக்கும் கஷ்டத்தை, கரையில் நின்று ரசிக்கிற நாம் புனிதமாக்கக் கூடாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படகு மாறியது, அலை மாறவில்லை! துறைமுகம் இல்லாத ஊர்களில் ஃபைபர் படகும் அதே நூறு கஜத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். 1979-ஆம் ஆண்டு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. அலையில் கரையேறும் எஞ்சின் படகைச் செய்ய அந்தத் திட்டத்தின் நிபுணர்கள் பல ஆண்டு பாடுபட்டார்கள். விசிறி மணலில் தட்டாமல் எஞ்சினோடு சேர்த்து மேலே தூக்கிக்கொள்ளும் ஏற்பாடெல்லாம் செய்து பார்த்தார்கள். கட்டுமரம் எளிதாகச் செய்த வேலை, படித்த பொறியாளர்களுக்கு அவ்வளவு கடினமாக இருந்தது!

ஃபைபர் படகு பாத்திரம் போன்றது, தண்ணீர் நிரம்பும். அலை உடைகிற இடத்தில் எஞ்சின் நின்றுவிட்டால், படகு பக்கவாட்டில் திரும்பும். அந்த நிமிஷத்தில் காப்பாற்றுவது டீசலும் அல்ல, திசை காட்டும் கருவியும் அல்ல. எப்போது போகவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்று தெரிந்த பழைய கண்தான்.

அந்தக் கண் புத்தகத்தில் கிடைக்காது. ஒற்றைக் கட்டையில் ஏறிக் கரையோர அலையில் விளையாடிய சிறுவர்களுக்கு அது தானாக வந்தது. மரம் இல்லாமல் வளரும் பையன்களுக்கு யார் கொடுப்பது? மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். எழுதி வைக்கவும் வேண்டும்.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கடற்கரைக்குக் குளிக்கப் போகிறவர்கள் ஆண்டுதோறும் உயிரை விடுகிறார்கள். ஐந்து நிமிஷம் அமைதியாக இருந்த அலையைப் பார்த்து "இன்று கடல் சாது" என்று இறங்குகிறார்கள். அது பெரிய அலைகளுக்கு நடுவில் வந்த இடைவெளி என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. பரம்பரையாகக் கடலில் வாழ்கிறவரே பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கிறார். நமக்கு மட்டும் என்ன அவசரம்?

அடுத்த தடவை கடற்கரைக்குப் போகும்போது, தூரத்தில் அலைக்கு வெளியே ஒரு படகு அசையாமல் நிற்பதைக் கண்டால், "ஏன் சும்மா நிற்கிறது?" என்று நினைக்காதீர்கள். அது சும்மா நிற்கவில்லை. கரை சேர்ந்துகொண்டிருக்கிறது!